தாமோதரன் வைத்த கொய்யா

திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் புஷ்பவல்லி. அவள் புருஷன் தாமோதரன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். யுத்தம் முடிந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யாக் கன்று வைத்தான். பழம் உள்ளே ரத்தச் சிவப்பு. விதை பேருக்குத்தான் இருக்கும். பின்னாளில் கிரேன் சங்கிலி அறுந்து அவன் செத்துப்போனான். மரம் காய்த்துக்கொண்டே இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அந்த மனையை ஒரு கம்பெனி வாங்கியது. பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். விதையை எடுத்துப்போய்ப் போடு என்றார்கள் அக்கம்பக்கத்தார். அவள் முன்பே போட்டுப் பார்த்தவள். முளைத்த இரண்டில் ஒன்றின் பழம் வெள்ளைச் சதை. மற்றதன் விதை பல்லைப் பெயர்த்தது.

தொழிற்சாலைத் துரையின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்த சிலுவைமுத்துவிடம் போய்க் கேட்டாள்.

"வெதைன்னா வேற மரத்துப் பூந்தூளும் கலந்துடும்மா. நம்ம புள்ளைங்க நம்ம மாரியே அச்சா பொறக்குதா? கொம்புலயே வேர் வுட வெச்சா அதே மரம்தான்."

மரபணு என்ற சொல் அவர் காதில் விழுந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தவர், இரண்டு கிளைகளில் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தார். ஈரத் தேங்காய்நார் வைத்துச் சாக்குத் துணியால் இறுகக் கட்டினார்.

"நுனித் துளிர்ல ஊறுற சத்து தோலு வழியா கீழ எறங்கும். வழிய அறுத்துட்டா இங்கியே தேங்கி வேரா வுட்டுடும். காய வுடாத."

அந்தச் சத்தைத்தான் படித்தவர்கள் ஹார்மோன் என்கிறார்கள். புஷ்பவல்லி தினமும் அந்தக் கட்டுகளை நனைத்தாள். மார்கழியில் சாக்கைப் பொத்துக்கொண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

அந்த வாரம் கடலோர நெட்டுக்குப்பத்திலிருந்து ஒருத்தி வந்து கொல்லைப் படலருகே நின்றாள். மீன்காரி மலர்க்கொடி என்று பேர் சொன்னாள். புருஷனோடு சேர்த்து ஊர் பேசிய பெயர். முகத்தைப் புஷ்பவல்லி அன்றுதான் பார்த்தாள்.

"மரத்த வெட்டப் போறாங்களாமே அக்கா. எனக்கும் இந்தக் கொய்யாவ கொண்டாந்து குடுப்பாரு. ஒரு கொம்பு குடு, நட்டுக்கிறேன்."

புஷ்பவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாமோதரன் லுங்கி மடிப்பில் பழத்தைக் கட்டிக்கொண்டு, "தோஸ்துங்களுக்கு" என்று சொல்லிப் போவான்.

"ஆளத்தான் பங்கு போட்ட. மரமும் வோணுமா ஒனக்கு?"

மலர்க்கொடி கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சாவுக்குக்கூட வர முடியாதவள் என்பது புஷ்பவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. தெருமுனை திரும்புமுன் கூப்பிட்டாள்.

"ஏ, நில்லு! வெறுங்கொம்ப நட்டா பட்டுப்பூடும்."

ஒரு கட்டுக்குக் கீழே கத்தியால் அறுத்து, வேர் குலையாமல் அவள் கூடையில் வைத்தாள்.

மற்றதை, குடிபோன வியாசர்பாடியில் குழாயடி ஓரமாக நட்டாள். மூன்றாம் வருஷம் மலர்க்கொடி விசாரித்துக்கொண்டு அங்கே தேடி வந்தாள். கூடையில் மீனுக்கு மேல் இலை போட்டு நாலு பழம். இரண்டு மரத்துப் பழத்தையும் அரிந்து பார்த்தார்கள். அதே சிவப்பு, அதே வாசனை. நெட்டுக்குப்பத்துப் பழம் மட்டும் எலுமிச்சை அளவுதான் இருந்தது.

"உப்புத் தண்ணி அக்கா. அதான் இப்டி கீது."

"மய பேஞ்சா அந்தத் தண்ணிய புடிச்சி வெச்சி ஊத்து. மீன் கழுவுன தண்ணிய மட்டும் ஊத்தாத."

பழம் தீர்ந்ததும் புஷ்பவல்லி உலையில் அவளுக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போட்டாள்.