மாடிக்குப் போன மதியச் சாப்பாடு

ஒருவரைக் கேட்காமலே அவருடைய நன்மைக்கென்று முடிவெடுப்பது கரிசனம் ஆகுமா? இந்த நோன்பு மாதம் எனக்குள் எழுப்பிய கேள்வி இது.

வெள்ளவத்தையிலுள்ள எங்கள் சிறிய ஆய்வு அலுவலகத்தில் ஃபர்ஹானா மட்டுமே முஸ்லிம். நோன்பிருப்பவர் முன்னால் உண்பது சரியல்ல என்று கருதி, மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை மாடிக்கு மாற்றினோம். வேலைப் பேச்சும் எங்களோடு மாடிக்குப் போனது. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக் குடியிருப்புகள் பற்றி ஃபர்ஹானா நடந்து நடந்து திரட்டிய ஆய்வை, வீடமைப்பு அதிகாரிகள் முன் நான் வாசிப்பதென்று அங்கேதான் முடிவாயிற்று.

கூட்டத்துக்கு முதல்நாள் மாலை அவரிடம், "நாளைக்கு நான் வாசிக்கிறன். நீங்கள் களைச்சுப்போவீங்கள், ரெஸ்ட் எடுங்கோ" என்றேன்.

ஃபர்ஹானாவின் முகம் வாடியது. பிறகு சிரித்தார். "நோன்போடதானே, வாணி, நான் அந்த ஃப்ளாட் மாடிப்படியெல்லாம் ஏறி எறங்கின? என்ட வாய்க்கு சாப்பாட்டுலதான் நோன்பு, கதைக்கிறதுல இல்ல."

மறுநாள் அவரே பேசினார். ஆய்வில் எழுதப்படாத குடும்பங்களைப் பற்றி அதிகாரிகள் கேட்டபோதும் தயங்காமல் விளக்கினார். நான் போயிருந்தால் அந்தக் குடும்பங்களின் நிலை வெளிவந்திராது.

நாங்கள் இன்னும் மாடியில்தான் உண்கிறோம். வேலை பற்றிய பேச்சை மட்டும் கீழே வந்து, ஃபர்ஹானாவின் மேசையருகில் தொடங்குகிறோம்.