வேற்றுக் கைச் சோறு

தேவதானத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்குக் காவலாக என் கணவர் ராஜபாளையம் நாய் ஒன்றை வளர்த்தார். குட்டியாக வந்த நாளிலிருந்தே, தன் கையைத் தவிர வேறு கையில் தின்னாதபடி அதைப் பழக்கினார். திருடன் விஷம் வைத்த கறியைப் போட்டாலும் தொடக் கூடாதாம். யாராவது எலும்பு போட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்லித் திரிவார். "ஏட்டி, நீ போட்டாக்கூடத் தொடாது பாரு" என்று என்னையும் சீண்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். அதற்கும் சேர்த்துச் சோறு வடிப்பவள் நான்தானே.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு மறதி நோய் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் படம் வரைந்து காட்டினார். "மூளைச் செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல இணைப்பு இருக்கும்மா. செல்லுக்குள்ள ஓடுற சமிக்ஞை தப்பாயிருச்சு. அதனால நல்லா இருக்குற இணைப்பும் அழிஞ்சுக்கிட்டு வருது. செல்லு சாகுறதுக்கு முன்னாடியே இணைப்பு போயிருது."

திரும்ப ஒட்டுமா என்று கேட்டேன். பேனாவை மூடிக்கொண்டே, ஒட்டாது என்றார்.

கொஞ்ச நாளில் நாய்க்குச் சோறு வைக்கவே அவர் மறந்துபோனார். நான் வைத்தேன், தொடவில்லை. பால்கோவாவைக்கூட நீட்டிப் பார்த்தேன். கடைசியில் அவர் கையைப் பிடித்து, அதில் சோற்று உருண்டையை வைத்து நீட்டச் செய்தேன். தின்றது. சில மாதம் அப்படியே ஓடியது. பிறகு பாதி நாள் அந்த உருண்டையை அவரே தன் வாயில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். நாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் "யாரு வீட்டு நாய் இது?" என்று கம்பை எடுத்து விரட்டினார். அது வாசலில் போய்ப் படுத்தது. அதன் பிறகு எதையும் தின்னவில்லை. மாட்டு டாக்டர் குளுக்கோஸ் ஏற்றியும் இரண்டு வாரம் தாங்கவில்லை.

அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நோயாளியிடம் போய்க் கோபப்படுகிறோமே என்று அழுதேன். அழுதும் கோபம் போகவில்லை.

இப்போது அவருக்கும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். போன வாரம் மதியம் ரசம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் வாயத் திறங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருடம் ஏட்டி என்று கூப்பிட்டவர், அன்று மரியாதையாகப் பேசினார்.

"வேத்தாளு கையால நான் திங்கிறதில்லம்மா. எம்பொண்டாட்டி இப்ப வந்துருவா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.