சர்வருக்கு வைத்த பொட்டு

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அது. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஓ.பி. சீட்டு, லேப் ரிசல்ட், மருந்து பில் எல்லாமே ஒரே சர்வரில்தான். வருஷம் முழுக்க அதை அணைக்க முடியாது. பூஜைக்கு மட்டும் அரை நாள் ஓய்வு. அந்த இடைவெளியில், ஹார்டு டிஸ்க்குகளை இணைக்கும் கார்டுக்குப் புது டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்றினேன். யாரும் ஏற்றச் சொல்லவில்லை. எல்லாம் என் மேதாவித்தனம்தான்.

சர்வரை அணைத்துவிட்டு செல்போனில் மூழ்கியிருந்தபோது, அட்டெண்டர் அண்ணாச்சி ஈரத்துணியும் சந்தனக் கிண்ணமுமாக வந்தார். திருவேங்கடத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர்.

"தம்பி, இதையும் துடைச்சுப் பொட்டு வைக்கட்டுமா?"

நிமிராமலே தலையாட்டினேன்.

மறுநாள் ஓ.பி. கூட்டம் நெரியும் நேரத்தில் திரை நீலமாகி சர்வர் படுத்துவிட்டது. எழுப்பினால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி படுத்தது. நான்கு நாள் இதே கூத்து. சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கவுண்டரில் சத்தம் போட்டார்கள். மேனேஜர் என்னைப் பிடித்துக் காய்ச்சியதும், "பூஜையன்னைக்கு உள்ள ஈரம் இறங்கியிருக்கும் சார்" என்றேன்.

உடனே அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "யாரைக் கேட்டுவே அதுல ஈரத்துணிய வச்சீரு?"

"தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் சார்..."

"எங்கிட்ட யாரும் கேக்கல சார்" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்தார். பதினோரு வருஷ வேலை அன்று சாயங்காலத்தோடு போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவர் போன பிறகும் சர்வர் படுத்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். ஒவ்வொரு தடவை விழும்போதும் சர்வர் தானே எழுதிவைத்த பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர், நான் ஏற்றிய டிரைவர். பழையதைத் திரும்ப ஏற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் ஒருநாளும் விழவில்லை.

"ஈரம் காய்ஞ்சிட்டு போல" என்று மேனேஜர் தோளில் தட்டினார். நான் மறுக்கவில்லை. கேவலமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

போன மாதம் அண்ணாச்சியைப் பூ மார்க்கெட்டில் பார்த்தேன். வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நழுவப் பார்த்தேன், அவரே வந்தார்.

"மிஷின் இப்ப நல்லா ஓடுதா தம்பி?"

"ஓடுது அண்ணாச்சி."

"நீங்க அன்னைக்குப் போன் பாத்துட்டு இருந்திய. நான் கேட்டது காதுல விழுந்திருக்காது. ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும், என் தப்புதான். அதுக்கப்புறம் என் சைக்கிளுக்குக்கூட நான் பொட்டு வைக்கதில்ல."

எனக்காக ஒரு சாக்குப்போக்கையும் அவரே தேடி வைத்திருந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நானோ, "டீ சாப்பிடுவோமா அண்ணாச்சி?" என்றேன்.

அங்கே வராத வார்த்தைகளை இங்கே எழுதுகிறேன், அவருக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கமில்லை என்று தெரிந்துதான். என் தைரியம் இன்றைக்கும் அவ்வளவுதான்.