எண்ணூற்று அறுபத்துநான்கு பெயர்கள்

மிரியத்தின் வீடு பருத்தித்துறையில். வேலை கொடிகாமம் தாண்டி ஒரு பிரதேச அலுவலகத்தில். ஐம்பத்துநாலு வயது. இருபத்தாறு வருடங்களாகக் காலை ஆறே முக்கால் பஸ்ஸில் போய், பொழுதுபட வீடு திரும்புகிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தட்டச்சுப் பழகியவர் என்பதால் அலுவலகத்துக்கு வந்த முதல் கணினியை அவருடைய மேசையில்தான் வைத்தார்கள். பிறகு இணையத்தளம் வந்தது. அதையும் அவரிடமே கொடுத்தார்கள். வேலை கூடியதே தவிரப் பதவி உயரவில்லை.

தளத்தில் இருந்த தமிழ் முழுவதும் அவர் அடித்தது. எல்லாம் பாமினி எழுத்துரு. ஆங்கில விசைப்பலகையில் சின்ன எழுத்தை அடித்தால் ஒரு தமிழ் எழுத்து வரும், அதே விசையில் பெரிய எழுத்தை அடித்தால் வேறொன்று வரும். அந்தக் கணக்கு மிரியத்தின் மனதில் இல்லை, விரல்களில் இருந்தது.

போன வருடம் ஆவணியில் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லா அலுவலகத் தளங்களும் ஒரே புதிய உள்ளடக்க முகாமைத்துவ முறைமைக்கு மாறவேண்டும். பழைய தளங்கள் மார்கழி முப்பத்தொன்றுடன், அதாவது டிசம்பர் முடிவுடன், நிறுத்தப்படும். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலையை ஒப்பந்த நிறுவனம் தானியங்கியாகச் செய்துகொள்ளும். அலுவலகங்கள் பக்கங்களைப் பார்த்து, படங்களை ஏற்றி, ‘சரி’ என்று அடையாளமிட்டால் போதும்.

அந்தப் ‘போதும்’ மூன்று மாதம் எடுத்தது. புது சிஸ்டம் பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஆளை வெளியே தள்ளிவிடும். படம் பெரிது என்று திருப்பும், சுருக்கிக் கொடுத்தால் சிறிது என்று திருப்பும். மழைக் காலத்தில் இணைய இணைப்பு அரை மணிக்கொரு தடவை அறுந்தது. முன்னூற்றுப் பத்துப் பக்கங்களையும் அடையாளமிட்டு முடித்தபோது மிரியத்தின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கணவர் கிறிஸ்ரி சித்தாலேப களிம்பு பூசித் துணி சுற்றிவிட்டார். கட்டுரைகளை ஒவ்வொன்றாக வாசித்த மிரியம், நீண்ட பெயர் அட்டவணைகளை மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தார். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கும் சீலா என்ற பெண் வந்தார். கையில் புதிய தளத்திலிருந்து அச்செடுத்து அலுவலக முத்திரை குத்திய ஒரு தாள். போருக்குப் பிறகு காணி உறுதிப் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்களை விசாரித்து, உரித்து ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களின் பட்டியலை 2012இல் அலுவலகம் தளத்தில் போட்டிருந்தது. எண்ணூற்று அறுபத்துநான்கு பெயர்கள். மூலப் பதிவேடு கூரை ஒழுக்கில் ஊறி அழிந்துவிட்டது. அதனால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து முத்திரை குத்திக் கொடுப்பதே அங்கு வழக்கம். அந்தப் பட்டியலில் சீலாவின் இறந்துபோன தகப்பனும் வாரிசாகச் சீலாவும் இருந்தார்கள்.

“என்ரை அப்பாவின்ரை பேர் ஏரம்பு, மிஸ்,” என்றார் சீலா. “உதிலை எரம்ப எண்டு கிடக்கு. நானும் சீலா இல்லையாம், சிலாவாம். காணிக் கந்தோருக்கு ரெண்டு தரம் போயிற்றன். உவை வேறை ஆக்களெண்டு திருப்பி விடினம்.”

மிரியம் தாளை வாங்கினார். ஏரம்பு, எரம்ப. சீலா, சிலா. கீழே பார்த்தார். செல்வத்துரை ‘செல்வத்தரை’யாகக் கிடந்தார். சுஜீவன் ‘சஜிவன்’. சின்னத்தங்கமும் பிரகாஸும் மட்டும் அப்படியே இருந்தார்கள். மேசையில் விசைப்பலகை இல்லாத இடத்தில் அவருடைய விரல்கள் தாமாக அந்தப் பெயர்களை அடித்துப் பார்த்தன. ஏரம்புவுக்கு இரண்டு தரம் பெரிய எழுத்து விசை வேண்டும். சின்னத்தங்கத்துக்கு ஒரு தரமும் வேண்டாம். எங்கோ கொழும்பில், மாற்றுவதற்கு முதல் அட்டவணைகளில் இருந்த எழுத்தெல்லாவற்றையும் யாரோ சின்ன எழுத்தாக்கிவிட்டிருக்கிறார்கள்.

பழைய தளம் இன்னும் திறந்திருந்தது. அதிலிருந்து சரியான பக்கத்தை அச்செடுத்து முத்திரை குத்திச் சீலாவிடம் கொடுத்தார். மூன்றாம் தரம் போன சீலாவின் அலுவல் முடிந்துவிட்டதாகப் பிறகு சந்தைப் பக்கம் போனவர்கள் சொன்னார்கள்.

ஒப்பந்த நிறுவனத்தில் தனுசியா என்ற அதிகாரிதான் வட மாகாணத்துக்குப் பொறுப்பு. மிரியம் தொலைபேசியில் விளங்கப்படுத்தினார். தனுசியா பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார், மறுநாள் திரும்ப அழைப்பு எடுத்தார். பிழை உண்மைதானாம். ஆனால் அந்தக் கட்டம் ‘முடிந்தது’ என்று ஒப்பமிடப்பட்டுவிட்டதாம், மறுபடி ஓட்டினால் எல்லா அலுவலகங்களின் பக்கங்களும் குழம்புமாம்.

“கையாலை திருத்தலாம், அக்கா. வேறை வழி என்னட்டை இல்லை,” என்றார் தனுசியா. குரலில் அவருக்கும் களைப்பு இருந்தது. “ஒப்பம் வைச்சது நான்தான்.”

மிரியம் அவரைக் கோபிக்கவில்லை. அந்தப் பட்டியலுக்குச் ‘சரி’ போட்டதும் ஒரு மிரியம்தானே.

நிர்வாக உத்தியோகத்தர் பிரவீணன் மிரியத்தைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவரல்ல. பக்கத்தின் மேலே ‘பெயர்களில் எழுத்துப் பிழைகள் இருக்கலாம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு விடச்சொன்னார். மாகாணக் கணக்காய்வு வருகிறது, வேறு வேலை குவிந்து கிடக்கிறது என்றார்.

“அந்த வரியைக் கொண்டுபோய்க் காட்டினா ஆர் சேர் காணி எழுதிக் குடுப்பினம்?” என்று மிரியம் கேட்டார்.

பிரவீணன் கணக்காய்வுத் தாள்களை ஒதுக்கி வைத்தார். பிறகு, அலுவலக நேரத்தில் மட்டும் செய்யவேண்டாம், மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்றார்.

அதன்பின் சாப்பாட்டு இடைவேளைகளும் சனிக்கிழமைகளும் அதற்கே போயின. ஒரு திரையில் பழைய பட்டியல், மறுதிரையில் புதியது. ஒரு பெயரைத் திருத்திச் சேமிக்க நாற்பது விநாடி. இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து. முப்பது பெயருக்கு மேல் ஒரே மூச்சில் பார்த்தால் கண் எல்லாவற்றையும் சரியென்றே காட்டத் தொடங்கிவிடும், அதனால் முப்பதுக்கொரு தரம் எழுந்து தண்ணீர் குடித்தார். மேசையிலேயே இடியப்பமும் சொதியும் ஆறிக் கிடந்தன. ஞாயிறு ஆராதனையில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபோதும் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்ததை உணர்ந்து புத்தகத்தை மூடிவைத்தார்.

“அவங்கள் விட்ட பிழையை நீர் ஏன் தலையிலை தூக்கிறீர்?” என்று கிறிஸ்ரி கேட்டார்.

“அந்தப் பேரெல்லாம் நான் அடிச்சது,” என்றார் மிரியம்.

மார்கழி இருபத்துநாலாம் திகதி காலை அலுவலகம் வந்தபோது பழைய தளம் திறக்கவில்லை. முப்பத்தொன்று வரை நேரம் இருக்கிறது என்று நம்பித்தான் தனக்கு நாளுக்கு இத்தனை என்று வகுத்து வைத்திருந்தார். நத்தார் விடுமுறைக்கு முதலே முடித்துவிட வேண்டுமென்று யாரோ முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். தனுசியாவின் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. அறுநூற்று முப்பத்தொரு பெயர்கள் முடிந்திருந்தன. மீதி இருநூற்று முப்பத்துமூன்று. பழைய பட்டியல் முழுவதையும் அச்செடுத்து வைக்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. மிரியம் கதிரையில் இருந்தபடி அரை மணி நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

மீதியில் பலவற்றை யாரும் ஊகிக்கலாம். ‘கமதா’ குமுதாதான், ‘மகந்தன்’ முகுந்தன்தான். ஆனால் ‘சதன்’ என்று வந்தவர் சதனா, சுதனா? ‘சஜிதா’ என்பவர் சஜிதாவா, சஜீதாவா, சுஜிதாவா, சுஜீதாவா? நாலு பெயரும் ஊரில் உண்டு. ஊகித்து எழுதினால் கொழும்புக்காரர் செய்ததையே தானும் செய்ததாகும் என்று அவருக்குத் தோன்றியது. தையில் கிராம சேவையாளர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்து, அவர்களுடைய வாக்காளர் இடாப்பில் பார்க்கச்சொன்னார். சிலர் உடனே பார்த்தார்கள். சிலரை மூன்று நாலு தரம் நினைவூட்ட வேண்டியிருந்தது. ஒருவர், இந்த வயதில் ஏன் இந்தத் தொல்லை என்று கேட்டுவிட்டு, பிறகு இடாப்போடு உட்கார்ந்து பதினேழு பெயர் தந்தார்.

மாசி நடுவில் பத்தொன்பது பெயர்கள் மிஞ்சின. குடும்பத்தோடு வேறிடம் போனவர்கள், ஒருவேளை செத்துப்போனவர்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ‘அலுவலகத்துடன் தொடர்புகொள்ளவும்’ என்று போட்டுத் தன் மேசைத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். அதே கிழமை கொழும்பிலிருந்து எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு நன்றிக் கடிதம் வந்தது. தமிழ் உள்ளடக்கம் தானியங்கி முறையில் குறையின்றி மாற்றப்பட்டதாக அதில் இருந்தது. பிரவீணன் அதை வாசித்துவிட்டு, மிரியத்தின் பக்கம் பார்க்காமல் கடிதக் கோவையில் போட்டார். மறுநாள் அவரே மிரியத்தின் மணிக்கட்டைக் காட்டி, இரண்டு நாள் லீவு போடுங்கள் என்றார். மிரியம் ஒரு நாள் போட்டு, பகல் முழுவதும் நித்திரை கொண்டார்.

இதுவரை ஐந்து பேர் அழைத்திருக்கிறார்கள். கடைசியாக வந்த அழைப்பு கிளிநொச்சியிலிருந்து. வயதான ஆண் குரல், யாரோ அச்செடுத்துக் கொடுத்த தாளில் இலக்கத்தைப் பார்த்து அழைத்தவர். பட்டியலில் சதன் என்று இருப்பது தன் மகன் சுதன் என்றார். பெடியன் இப்போது இல்லை, காணி பேரப்பிள்ளைக்கு என்றார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். மிரியம் திருத்திச் சேமித்துவிட்டு, தளத்தைத் திறந்து பார்க்கச்சொன்னார்.

“என்ரை போனிலை அதொண்டும் வராது, பிள்ளை,” என்றார் அவர். “நீங்கள் பாத்தாச் சரிதான்.”

மிரியம் அவரைக் கொஞ்சம் பொறுக்கச்சொல்லிவிட்டு, பக்கத்தைப் புதிதாகத் திறந்து, அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினார்.