கட்டிலுக்கு அடியில் இருந்த கிட்டார்

என் அண்ணிக்கு மெதுவாகப் பேச வராது. அது கோபமில்லை, தொழில். காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையில் அவர் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் கருவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்று சொல்லத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு அவர்களிடம் எதைக் கேட்டாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டை இறங்குவதில்லை. உப்பை எடு என்று இவர் சொன்னால் எதிர்வீட்டில் யாராவது எழுந்து உப்பு டப்பாவைத் தேடுவார்கள். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் கீழே ஏதோ பெரிய சண்டை என்று நினைத்து நான் மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறேன். சினிமாவுக்குப் போகலாமா என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணிக்கு இன்னொரு வேலை உண்டு. பழைய ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பார்த்து வயசும் விலையும் சொல்வார். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தச்சுருளை பிக்கப் என்பார்கள். அதில் சுற்றியிருப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அந்தக் கம்பியோடு மல்லுக்கட்டுகிற பொறுமை காதுக்கருவிக்காரர்களுக்குத்தான் இருக்கும் என்று யாரோ ஒருவர் சத்தம் வராத பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி அதைச் சரி செய்தார். அதோடு விட்டிருக்கலாம். இது எந்த வருஷத்துது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார், வந்தவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கிட்டார்க்காரர்கள் மத்தியில் அவர் பெயர் மைக் அக்கா. பெயர் வைத்தவன் எவனோ, வாழ்க.

இந்தத் தொழிலில் உள்ள வம்பு என்னவென்றால், அந்தக் காலத்தில் ஜப்பானில் ஒரே பட்டறையில் செய்த கிட்டார் பல பெயர்களில் வெளியே போகும். எந்த நாட்டுக் கடைக்காரர் என்ன பெயர் கேட்டாரோ அதைத் தலையில் பொறித்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே பெயரை நம்ப முடியாது. முதுகில் ஒரு தகட்டில் எண் இருக்கும். பல கிட்டார்களில் அது வெறும் எண்தான், முதல் இரண்டு இலக்கத்துக்கும் வருஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைச் சொன்னால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் கிட்டார் கைக்கு வந்ததும் அண்ணி முதல் காரியமாக அந்த எண்ணின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி மறைத்துவிடுவார். "அதைப் பாத்துட்டா புத்தி அது பின்னாலயே போகும் தம்பி" என்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். திருகாணித் தலைகளைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ஜப்பான் திருகாணியின் கூட்டல் குறி நம் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. தெரியாமல் திருகியவன் அதைக் கடித்து வைத்திருப்பான். கடிபடாத திருகாணி என்றால் யாரும் உள்ளே கை வைக்கவில்லை என்று அர்த்தம், விலையும் கூடும். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பேன். சம்பளம் கிடையாது, டார்ச் ஆடினால் திட்டு மட்டும் உண்டு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்த வயதான தம்பதி வந்தார்கள். அவர் பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா அண்ணிக்குத் தெரிந்தவர்தான், இரண்டு நாளுக்கு முன் கடைக்கு வந்து காதுக்கருவியைச் சரி செய்துகொண்டு போனவர். கேஷியர் ஒரு குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கிட்டார் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அந்த அம்மா பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். இருவரும் மகள் வீட்டில் ஒரே ஒரு அறைக்குக் குடிபோகிறார்கள். சாமான்களைக் கழித்தாக வேண்டும். அந்த அம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"கல்யாணத்துக்கு முந்தின சாமான் எதுவும் அந்த வீட்டுக்கு வராது. இந்தக் கிட்டார் அதுக்கு முந்தினது. நம்பர் அறுபத்தெட்டுன்னு ஆரம்பிக்குது, எங்க கல்யாணம் எழுபத்தொண்ணு மே மாசம். அவரும் அப்படித்தான் சொல்லியிருக்கார். இருந்தாலும் நீ ஒரு வார்த்தை பாத்துச் சொல்லிடும்மா. வித்துடலாம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் கூடத்தில் அண்ணனோடு காபி குடிக்க உட்கார்ந்தார். அண்ணி கிட்டாரைப் பக்கத்து அறையில் மேஜைமேல் வைத்து, டேப்பை ஒட்டினார். நான் டார்ச்சை எடுத்தேன். கேஷியர் எங்கள் பின்னாலேயே வந்து கதவுத் திரையை இழுத்து மூடினார்.

"ஒரு சின்ன உதவிம்மா" என்றார் ரகசியமாக. "கல்யாணத்துக்கு முந்தினதுன்னே சொல்லிடுங்க."

"சொன்னா கிட்டார் போயிடுமே சார்" என்றேன் நான்.

"போகட்டும். உண்மையச் சொன்னா நான் போயிடுவேன்."

கல்யாணமான புதிதில் ஒரு கட்டில் வாங்குவதற்காக இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கப் போன மனுஷர் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இதைப் பார்த்துவிட்டார். சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம். பணம் முழுவதும் அங்கேயே போய்விட்டது. வீட்டில் வந்து, கட்டில் கடைக்காரன் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான் என்றார். கொஞ்ச நாள் கழித்துக் கிட்டாரைக் கொண்டுவந்து, பழசு, கல்யாணத்துக்கு முன்னாலேயே தன்னிடம் இருந்தது, சிநேகிதன் வீட்டில் கிடந்தது என்றார். அன்றிலிருந்து அந்த அம்மா கட்டில் கடைக்காரரைச் சபித்துக்கொண்டிருக்கிறார்.

"கட்டிலுக்கே பொய் சொன்னவன், வேற எதுக்கெல்லாம் என்ன சொன்னானோன்னு ஆரம்பிச்சா நான் எங்க போறது? அவளுக்குப் பாட்டே பிடிக்காதும்மா. நான் வாசிச்சா அடுப்படியில பாத்திரத்தை உருட்டுவா. இப்பல்லாம் காதுல இருக்கறதையே கழட்டி வச்சிடறா. கிட்டார் போனாலாவது வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்."

சொல்லும்போது அவர் கை கிட்டாரின் கழுத்தை விடவேயில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிற குரலில் கேட்டார்: "அப்ப கட்டில் பணத்துலதான் கிட்டார் வாங்கினீங்களா சார்? கடைக்காரர் ஏமாத்தவே இல்லையா?"

"மெதுவாம்மா."

"மெதுவாத்தானே கேக்கறேன்."

கூடத்தில் பேச்சு நின்றது. கேஷியர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். "பரவாயில்ல. அவளுக்குக் கேக்காது."

"கேக்கும் சார். நான்தானே சரி பண்ணிக் கொடுத்தேன்."

திரை விலகியது. அந்த அம்மா காபி டம்ளரோடு நின்றார்.

"எந்தக் கட்டில்?"

கேஷியர் என் பின்னால் நகர்ந்தார். அந்த அம்மா அவரை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார். "நீ முதல்ல தேதியப் பாரும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அண்ணி ஜப்பான் திருகாணிக்கென்றே வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நான்கு திருகாணிகளும் முனகிக்கொண்டே வந்தன, ஒன்றுகூடக் கடிபடவில்லை. கழுத்தைக் கிட்டாரின் உடம்பிலிருந்து பிரித்து அதன் அடிப்பக்கத்தைத் திருப்பினார். டார்ச் வெளிச்சத்தில் மங்கலான ஊதா முத்திரை தெரிந்தது. 46, புள்ளி, 7.

"நாப்பத்தாறா?" என்றார் அந்த அம்மா. "அப்ப எங்க மாமனார் காலத்துதா?"

"அது அவங்க ராஜா பட்டத்துக்கு வந்ததுலேர்ந்து எண்ணுற வருஷம்மா. நம்ம கணக்குக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சைக் கூட்டணும். எழுபத்தொண்ணு ஜூலை. அதுவும் இந்தக் கழுத்தைச் செஞ்ச மாசம். முழுசாக்கி, கப்பலேத்தி, இங்க கடைக்கு வர இன்னும் மாசக்கணக்காயிருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி சார் இதைத் தொட்டிருக்கவே முடியாது."

அந்த அம்மா டம்ளரை மேஜைமேல் வைத்தார். குனிந்து அந்த முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அந்த டைப்பிஸ்ட் வாங்கிக் கொடுத்தது இல்லையா?"

"எந்த டைப்பிஸ்ட்?" என்றார் கேஷியர். மனுஷருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"உங்க ஆபீஸ்ல இருந்தாளே, ரெட்டைப் பின்னல். கல்யாணத்துக்கு முன்னாடி அவளைக் கட்டிக்கறதா இருந்தீங்கன்னு உங்க அத்தை சொன்னாங்க."

"அந்தப் பொண்ணா? லெட்டர் அடிக்கக் குடுத்தா தலையக்கூட நிமித்தாதே. அது பேரே எனக்கு மறந்துபோச்சு."

"நீங்க கண்ணை மூடிட்டு வாசிக்கறப்பல்லாம் அவளைத்தான் நினைச்சுக்கறீங்கன்னு இருந்தேன்."

"கண்ணைத் திறந்தா தப்பா வாசிச்சுடுவேன், அதான் மூடிக்கறேன்."

அண்ணி பூதக்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. நான் டார்ச்சை அணைக்க மறந்து நின்றேன்.

கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். வந்தது, ஆனால் வேறு பக்கம் போயிற்று. "அந்தக் கட்டில் கடைக்காரர் பொண்டாட்டி எங்கிட்டப் பேச வந்தப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே. அவளுக்குக் காரணமே தெரிஞ்சிருக்காதே" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். கேஷியருக்கு இது நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை. பாதிச் சிரிப்போடு நின்றார்.

"அந்தப் பணத்துல என் பணமும் இருந்துதில்ல?"

"பாதி உன்னோடதுதான்."

"அப்ப பாதிக் கிட்டார் என்னோடது. நான் விக்கறதா இல்ல."

அண்ணி கழுத்தைப் பழையபடி பொருத்தி, கழற்றிய வரிசையிலேயே திருகாணிகளை மாட்டினார். தொழில் தர்மத்தை விட முடியாமல், "விலையும் சொல்லிடறேன்" என்றார். வாசிக்காத நேரமெல்லாம், பிறகு வாங்கிய கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் ஒரு பாகம்கூட மாறவில்லை, பெயின்ட்கூட உரியவில்லை. இப்படி ஒன்று கைக்கு வருவது அபூர்வம் என்றார். "இன்னைக்கு வித்தா தேக்குல ரெண்டு கட்டில் வாங்கலாம், மெத்தையோட."

"ஒரு கட்டில் போதும், அது ஏற்கெனவே இருக்கு" என்றார் அந்த அம்மா. பிறகு கணவரைப் பார்த்து, "வாசிங்க" என்றார்.

அண்ணி சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகினார். அண்ணனும் அறை வாசலுக்கு வந்துவிட்டார். கேஷியர் ஸ்டூலில் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கினார், கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். விரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் அந்த ஒலி, சொன்னால் நம்பமாட்டீர்கள், மணி மாதிரி சுத்தமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த நாலு பேருக்கும் அது போதவில்லைபோல இருந்தது, இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தோம்.

இரண்டாவது வரியில் அவர் கண்ணைத் திறந்தார். அந்த அம்மாவின் கை காதுக்குப் போயிருந்தது. கேஷியரின் விரல்கள் அப்படியே நின்றன, முகம் விழுந்துவிட்டது. இத்தனை நடந்த பிறகுமா என்று நினைத்தேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அந்த அம்மா. "கழட்டல. சத்தத்தைக் கூட்டிக்கிட்டேன்."