சம்மாட்டியின் தகரப் பெட்டி

ஆலங்குடாவில் படகு முதலாளியான ஒரு சம்மாட்டிக்கு ஒன்பது வருடம் படகு ஓட்டினேன். அவர் வாங்கித் தந்த ஜிபிஎஸ் மெசினில், கடலடியில் மீன் அடையும் பாறைத் திட்டான ஒவ்வொரு பாரையும் குறித்து வைத்தவன் நான். அதற்காக நான் பட்ட வெயில் அவருக்குத் தெரியாது. நான் சொந்தப் படகு வாங்கி அவரை விட்டு விலகியபோது, குறிகளையாவது எழுதிக்கொள்கிறேன் என்றேன். "மெசின் என்ட. அதுக்குள்ள கெடக்கிறதும் என்ட," என்று பிடுங்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். மன்னாரிலிருந்து அகதியாக வந்த எனக்கு இவ்வளவு போதும் என்று கரையில் சொல்லியும் திரிந்தார். அதை நான் மறக்கவில்லை; மறக்க விரும்பவுமில்லை.

கடலுக்குப் போக முடியாத கச்சான் காற்றுக் காலம் முழுக்க மெசின் பெட்டியில் கிடந்தது. மாதக்கணக்கில் அணைந்து கிடந்த மெசின் வானத்திலுள்ள செய்மதிகளைப் புதிதாகத் தேட வேண்டும். திறந்த வானத்தின் கீழ் அசையாமல் அரை மணித்தியாலம் வைத்தால் போதும். மேலிருந்து வரும் சிக்னல் நுளம்பின் ரீங்காரத்தைவிட மெலிது. ஒரு தகர மூடியே அதை மறித்துவிடும். காற்று ஓய்ந்து கடலுக்குப் போன சம்மாட்டியோ, படகில் உள்ள ஆட்கள் குறிகளைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, பெட்டியை நாலு விரல் மட்டும் திறந்து, தலையில் துவாயைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிடிக்கவில்லையென்று சற்றைக்கொரு தரம் அணைத்து, பிஸ்மி சொல்லி மறுபடி போட்டார். தேடல் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியது. மூன்று நாள் வெறும் படகோடு திரும்பினார்.

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "ஒருக்கா பாரேன் தம்பி. ஒண்டும் புடிக்கிதில்ல."

இரண்டு பொத்தானை அமுக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினேன். "இது மௌத்தாகிட்டு காக்கா. இனி உசிர் வராது."

"அப்ப நீயே கொண்டு போ. எனக்கென்னத்துக்கு இந்தக் குப்பை," என்றார்.

வீட்டுக் கிணற்றுக் கட்டின் மேல் அதை வைத்துவிட்டுப் பிளேன்டீ குடித்தேன். ஒரு செய்மதி வந்தது, பிறகு இன்னொன்று. நாலாவதும் வந்ததும் நான் நிற்கும் இடத்தைக் காட்டியது. திரையில் வரைபடத்தைக் கடல் பக்கம் நகர்த்தினால், என் பார்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. பொய் சொன்னதற்கு எனக்கு வெட்கமே வரவில்லை. அவ்வளவு இனித்தது.

அடுத்த நாள் விடிய, என் பாரில் தூண்டில் போட்டிருந்தேன். சம்மாட்டியின் படகு இடம் தெரியாமல் தடவித் தடவிப் பக்கத்தில் வந்தது. மெசினை உயர்த்திக் காட்டினேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மௌத்தாகிட்டு எண்டு சொன்னியே?"

"நீங்கதானே தந்தீங்க காக்கா," என்றேன். "மெசின் என்ட. அதுக்குள்ள கெடக்கிறதும் என்ட."