ஒரே பொன்னாடை

பொன்னாடையைத் தோளிலிருந்து எடுக்க வந்தபோது அப்பாவின் கை அதன் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. சபையில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. தாம்பாளத்துடன் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. எடுக்க வந்த அக்காவுக்கும் தெரிந்தது.

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்கு அந்த வருடம் அவர்தான் தலைவி. எல்லோருக்கும் அக்கா. ஓரிடத்தில் இருக்கமாட்டார். கதைத்துக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே சாப்பிடுவார். அவருக்குப் பின்னால் ஓடியே என் செருப்புத் தேய்ந்தது. அதற்கு முந்தைய கலைவிழா முடிந்த மறுநாள், மண்டபத்தைச் சுற்றி சோறு சுற்றிய லஞ்ச் சீட்டும் தண்ணீர்ப் போத்தலும் யோகட் கப்புமாகக் கிடந்தன. காகங்கள் அங்கே தனியாக ஒரு விழா நடத்தின. பீடாதிபதி கூப்பிட்டு, இனி உங்களுக்கு மண்டபம் இல்லை என்றார். அக்கா கெஞ்சவில்லை, பேரம் பேசினார். ஒரேயொரு குப்பைப் பையோடு விழாவை முடித்துக் காட்டினால் மண்டபத்தைத் தொடர்ந்து தரவேண்டும். அவரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நடக்கிற காரியமா என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து எங்களுக்கு நித்திரை போனது. பழைய படுக்கை விரிப்புகளில் பதாகை எழுதினோம். தட்டும் போத்தலும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கினோம். சோற்றைப் பார்சலாகக் கட்டாமல் கிருலப்பனைக் கடையிலிருந்து கிடாரத்தோடு கொண்டுவர ஏற்பாடு. வெள்ளவத்தையில் ஒரு பிரமுகரை அழைக்கப் போனபோது, அவர் பெருமையாகத் தன் அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே பொலித்தீன் உறை பிரிக்காத பொன்னாடைகள் மேல்தட்டுவரை அடுக்கிக் கிடந்தன. படியிறங்கும்போதே அக்கா முடிவெடுத்துவிட்டார். “இதெல்லாம் ஆர் போடுறது? அலுமாரிதான் போட்டுக்கொண்டு நிக்குது. நாங்கள் ஒண்டே ஒண்டு வாங்குவம். போடுறது, படம் எடுக்கிறது, கழட்டி அடுத்தவருக்குப் போடுறது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கௌரவிக்கப்படுவோரில் அப்பாவும் ஒருவர் என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் அப்பா. எங்கள் சங்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் விவாதம் பழக்கியவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிரியாவிடையில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. பொன்னாடை அவர் தோளில் ஏறியதே இல்லை. ஏற்பாட்டை முன்கூட்டியே சொன்னேன். “ஓம், நல்ல விஷயம்தானே” என்றார். சொல்லிவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையை மறுபடியும் ஸ்திரி போட எடுத்தார்.

மேடையில் அறிவித்ததும் சபை கைதட்டியது. முதலில் வந்த டொக்டர் சிரித்துக்கொண்டே போட்டுக் கழற்றிக் கொடுத்தார். அடுத்தவர் புடவைக் கடை முதலாளி. “என்ன தங்கச்சி, போட்ட சூடு ஆறமுதல் கழட்டுறீங்களே!” என்றார். சபை குலுங்கியது. பிறகு அப்பா. அவருக்கு அடுத்து, கடைசியாக, பீடாதிபதி.

படம் எடுத்தாகிவிட்டது. அக்காவின் கை நீண்டது. அப்பாவின் பிடி இறுகியது. வேண்டுமென்று செய்யவில்லை, கை தன்பாட்டில் செய்தது. ஒரு நிமிடமும் சும்மா நிற்காத அக்கா அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக, “வச்சிருங்கோ சேர், இது உங்கட” என்றார். வெறுங்கையோடு பீடாதிபதிக்கு முன்னால் போய்க் கும்பிட்டார். எதைப் படம் எடுப்பது என்று படக்காரருக்கு விளங்கவில்லை. பீடாதிபதியின் சிரிப்பு போய்விட்டது.

குப்பை ஒரு பைதான் சேர்ந்தது, அதுவும் நிறையவில்லை. அக்காவே தூக்கிக்கொண்டுபோய்ப் பீடாதிபதியிடம் காட்டினார். நல்லது என்றாராம். அடுத்த விழாவுக்கு மண்டபம் கேட்டபோது திருத்தவேலை என்று பதில் வந்தது. திருத்தவேலை நடந்த அதே மண்டபத்தில் மற்றச் சங்கங்கள் எல்லாம் விழா நடத்தின. “மரத்துக்குக் கீழ வைப்பம், லைட்டும் தேவையில்லை” என்று சொல்லிக்கொண்டே அக்கா நடந்தார். அன்று கல்கிசை பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததையும் நான் பார்த்தேன்.

அக்கா இப்போது ஏதோ ஒரு குளிர்தேசத்தில் நடந்துகொண்டிருப்பார். நான் அதே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். விழாக்களில் குப்பையைக் குறைக்கும் பொறுப்பும் என் தலையில்தான். போன கூட்டத்தில் ஓர் இளம் விரிவுரையாளர், “மிஸ், பொன்னாடையை முழுசா நிப்பாட்டுவம். வேஸ்ட்தானே” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னது சரி. அந்த அலுமாரியைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் என் தலை ஆடவில்லை. அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அப்பா மின்விசிறிக்குக் கீழே அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு இருந்தார். சரிகை எப்போதோ போய்விட்டது, ஓரமெல்லாம் நூல். கோயிலுக்கும் சந்தைக்கும் அதுதான், தூறலில் தலைக்கும் அதுதான்.

“தாங்கோ அப்பா, தோய்ச்சுத் தாறன்” என்று கையை நீட்டினேன்.

அவருடைய கை ஓரத்தை இறுகப் பிடித்தது. “அது காயிற வரைக்கும் நான் என்னத்தைப் போடுறது?” என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.